கூன்வண்டும் மூன்று விநாடியும்

பட்டர்வொர்த்திலிருந்து கிழக்கே பிரியும் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போனால் கூலிம். வழி நெடுகச் செம்பனை. அது முடியும் இடத்தில் தொழிற்சாலை. தொழிற்சாலை மதில் முடிந்ததும் மறுபடி செம்பனை. மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் இங்கேதான் திறக்கப்பட்டது. கணினிச் சில்லுகளும் சூரிய மின்தகடுகளும் செய்கிற பன்னாட்டு நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றன. அதே வட்டாரத்தில் டப்ளின், விக்டோரியா, ஹென்றியட்டா என்று துரைமார் வைத்த பெயர்களோடு தோட்டங்கள். பால்மரம் வெட்ட நம் ஊர்களிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரன் பேத்திகள் பெரும்பாலும் இப்போது அந்தத் தோட்டங்களில் இல்லை. லூனாஸ், பாடாங் செராய் பக்கத்துத் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் பேக்டரி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறார்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள். தோட்டத்தின் பெயர் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் விடாமல் நிற்கிறது.

நான் அங்கே போனது வகுப்பறை பார்க்க. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பள்ளிக்கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்காமல் திரும்புவதில்லை. அதில் நான் கவனிப்பது ஒன்றைத்தான்: ஆசிரியர் என்ன கேட்கிறார், கேட்டுவிட்டு என்ன செய்கிறார். பாடநூலும் கட்டடமும் வெண்பலகையும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. ஒரு வகுப்பை இன்னொரு வகுப்பிலிருந்து பிரித்துக் காட்டுவது அங்கே கேட்கப்படும் கேள்விதான் என்று நான் நம்புகிறேன்.

கூலிமில் எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை தன் பள்ளிக்கு அழைத்திருந்தார். பள்ளியின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மாணவர் தொகை நூற்றைம்பதை எட்டாத பள்ளி. அரசாங்கக் கணக்கில் ‘குறைந்த மாணவர் பள்ளி’. ஒரு வகுப்பில் பதினைந்து பிள்ளைகள் இருந்தால் அதிகம். வாசலில் காலணியைக் கழற்றும்போதே, “பசியாறிட்டீங்களா சார்?” என்று தலைமையாசிரியர் வந்துவிட்டார். காலை உணவு சாப்பிட்டாயிற்றா என்பதற்கு இங்கே இப்படித்தான் கேட்பார்கள். சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக்கைச் சாப்பிட வைத்த பிறகே வகுப்புப் பக்கம் போக விட்டார்.

முதலில் பார்த்தது மூன்றாம் ஆண்டுத் தமிழ்ப் பாடம். வாசிப்புப் பகுதி ஒன்றை எல்லோரும் சேர்ந்து படித்து முடித்தார்கள். பிறகு கேள்விகள். தாத்தா எங்கே போனார்? “சந்தைக்கு!” யாரோடு போனார்? “பேரனோடு!” என்ன வாங்கினார்? “பழம்!” எல்லா வாய்களும் ஒரே நேரத்தில் திறந்தன. கூரைத் தகரம் அதிர்ந்தது. வராந்தாவில் நடந்து போகிறவருக்கு அது வெகு உற்சாகமான வகுப்பு. உள்ளே இருந்த எனக்கு ஜன்னலோரச் சிறுமி ஒருத்திதான் கண்ணில் பட்டாள். மற்றவர்கள் முதல் எழுத்தைச் சொல்லும்வரை காத்திருந்து, இரண்டாம் எழுத்தில் சேர்ந்துகொள்ளும் கலை அவளுக்கு நன்றாகக் கைவந்திருந்தது. விடைகள் எல்லாம் பக்கத்திலேயே அச்சாகி இருந்தன. அவற்றைக் கண்டுபிடிக்கக் கண் போதும். யோசிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தம் நன்னூலில் வினாவை ஆறு வகையாகப் பிரித்து வைத்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடையைத் தான் அறிந்துகொண்டே, எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது அறிவினா. இதற்கு எடுத்துக்காட்டு சொல்லும்போது ஆசிரியரையும், அறியாவினாவுக்கு மாணவரையும் காட்டுவது நம் இலக்கண வகுப்புகளின் வழக்கம். இந்தப் பாகுபாட்டைப் படித்துத் தேர்வெழுதிய நாமே, வகுப்பறையில் ஆசிரியர் வாயிலிருந்து அறிவினா ஒன்றுதான் வரவேண்டும் என்று முடிவு கட்டிவிட்டோமோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். அமெரிக்காவில் ஹியூ மீகன் 1979இல் வெளியிட்ட வகுப்பறை ஆய்வு, பாடவேளையின் பேச்சில் பெரும்பகுதி மூன்றே அசைவுகளில் நடப்பதைக் காட்டியது: ஆசிரியர் கேட்பார், மாணவர் சொல்வார், ஆசிரியர் சரியா தவறா என்பார். மணி என்ன என்று ஒருவரைக் கேட்டு, அவர் சொன்னதும் நன்றி சொல்லாமல் “மிகச் சரி” என்று பாராட்டினால் அந்த இடம் வகுப்பறையாகத்தான் இருக்க முடியும் என்பது அவர் சுட்டிய வேறுபாடு.

அறிவினா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெருக்கல் வாய்பாடு தெரியுமா என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். நாள் முழுக்க அது ஒன்றே நடந்தால், அந்த வகுப்பில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசுவதற்கு எதுவும் மிஞ்சாது என்பதே என் கவலை.

அடுத்து, என்னை அழைத்த ஆசிரியையின் ஐந்தாம் ஆண்டு அறிவியல். பாடம் உணவுச் சங்கிலி. அவர் கையில் மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது. ஒரு பையன் காலையில் தோட்டத்தோரத்தில் ஒடித்துக்கொண்டு வந்த செம்பனை ஆண்பூவின் கிளைகள் அதற்குள். விரல் நீளம், விரல் பருமன். மேலெல்லாம் மஞ்சள் துகள். மூடியைத் திறந்ததும் எழுந்த மணம் சோம்பு மணம், அதில் சந்தேகமே இல்லை. பூ முழுக்கப் பழுப்பு நிறத்தில் எள்ளை விடக் கொஞ்சம் பெரிய வண்டுகள் ஊர்ந்தன. நீண்ட மூக்குள்ள கூன்வண்டுகள். டப்பா மேசைக்கு மேசை நகர்ந்தது. எல்லோரும் முகர்ந்து முடிக்கும்வரை ஆசிரியை வாய் திறக்கவில்லை.

பிறகு ஒரே கேள்வி. “இந்தப் பூச்சிக்கு இங்க என்ன வேலை?”

கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. சின்ன வகுப்பில் மௌனம் வெகு நேரம் போலத் தெரியும். ஒரு பையன் நெளிந்தான். இன்னொருவன் டப்பாவை மறுபடி இழுத்துப் பார்த்தான்.

“பூவைத் திங்குது டீச்சர்.”

“ம். வேற யாரு என்ன நினைக்கிறீங்க?”

“தேன் குடிக்குது.”

“எதை வெச்சுச் சொல்ற?”

“பூன்னா தேன் இருக்கும்ல.”

“இதுல தேன் இல்ல டீச்சர்,” என்றான் பூவைக் கொண்டு வந்தவன். “நான் நக்கிப் பார்த்தேன். வெறும் தூளா இருந்துச்சு.”

வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அப்போதுதான் அதுவரை பேசாமல் இருந்த ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: “எங்க பாட்டி தூள் அடிச்சாங்களாம் டீச்சர்.”

“எதுக்கும்மா?”

“செம்பனைப் பூவுக்கு. அப்போ அவங்க பேராக்ல இருந்தாங்க. பொம்பளைங்க எல்லாரும் பவுடர் அடிக்கப் போவாங்களாம். அப்புறம் நிப்பாட்டிட்டாங்களாம்.”

“ஏன் நிப்பாட்டினாங்க?”

அவளுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. ஆசிரியை வெண்பலகையில் ‘ஏன் நிறுத்தினார்கள்?’ என்று எழுதினார். அந்த நிமிடத்திலிருந்து வகுப்பில் ஆசிரியரைப் பார்த்துப் பேசுவது நின்று, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள். காசில்லாமல் நிறுத்தியிருப்பார்கள் என்றான் ஒருவன். மிஷின் வந்திருக்கும் என்றாள் ஒருத்தி. “வண்டு வந்திருக்கும்!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். “வண்டு எப்படி வரும், முன்னாடியே இருந்திருக்கும்ல?” என்று அதற்கு மறுப்பு.

பின்வரிசைக் குரல் சொன்னதுதான் நடந்தது. செம்பனை ஆப்பிரிக்க மரம். மலாயாவுக்கு மரத்தைக் கொண்டுவந்தவர்கள் அதோடு வாழ்ந்த பூச்சியைக் கொண்டுவரவில்லை. காற்றுதான் மகரந்தத்தைப் பரப்புகிறது என்று புத்தகங்கள் எழுதி வைத்திருந்தன. காற்று போதாததால் தோட்டப் பெண்கள் மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து பூப்பூவாக ஊதிக்கொண்டிருந்தார்கள். லெஸ்லி டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கேயும் ஆப்பிரிக்காவின் கேமரூனிலும் தோட்டங்களில் வேலை பார்த்தவர். கேமரூனில் யாரும் ஊதாமலே காய் பிடிக்கிறதே, இங்கே ஏன் பிடிக்கவில்லை என்று அவர் கேட்டார். காற்றுதான் என்று புத்தகம் முடித்துவிட்ட விஷயத்தில் அந்தக் கேள்விக்கு நெடுங்காலம் மதிப்பிருக்கவில்லை. யூனிலீவர் தோட்டங்களின் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகு அவரே ஆய்வுக்கு வழிசெய்தார். பூச்சியியலாளர் ஆர். ஏ. சையது கேமரூனில் ஆராய்ந்து, ‘எலைடோபியஸ் கமெருனிகஸ்’ என்ற இந்தக் கூன்வண்டைக் கண்டுசொன்னார். 1981இல் ஜொகூரின் குளுவாங்கில் முதன்முதலாக அவிழ்த்துவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் தீபகற்பம் எங்கும் பரவியது. பவுடர் வேலை முடிந்தது.

இந்தக் கதையை ஆசிரியை சொன்னது பாடவேளையின் கடைசியில், அதுவும் சுருக்கமாக. முதலிலேயே சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பிள்ளைகள் குறிப்பெடுத்திருப்பார்கள். பாட்டி அந்த வகுப்புக்குள் வந்திருக்க மாட்டார்.

கதை முடியுமுன்பே அடுத்த கை உயர்ந்தது. வண்டு ஆண்பூவில் முட்டையிடும், புழு வாடிய பூவைத் தின்று வளரும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, “எலி அந்தப் புழுவையும் திங்குமா டீச்சர்?” என்றான் ஒருவன். செம்பனைத் தோட்டத்தில் எலி பழத்தைத் தின்னும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதைப் பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

“தெரியலையேப்பா. தேடிப் பார்த்துச் சொல்றேன். நீயும் தேடு,” என்றார் ஆசிரியை. அதையும் பலகையில் எழுதினார். ஓய்வு நேரம் முடிந்ததும் விடையோடு வந்தார். தின்னும். வாடிய ஆண்பூவைக் கடித்துப் பிய்த்து எலிகள் புழுக்களைத் தேடித் தின்கின்றன. வண்டு வந்த பிறகு எலிக்குப் புதிய தீனி கிடைத்தது என்பதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பூ, புழு, எலி, ஆந்தை என்று உணவுச் சங்கிலி பலகையில் தானாகவே நீண்டது. பாடநூலில் இருந்த புல், முயல், புலியை அன்று யாரும் தொடவில்லை.

அவர் ஜன்னலோரம் நின்ற அந்த இடைவெளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் நூற்றுக்கணக்கான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து ஆராய்ந்து 1970களில் வெளியிட்ட முடிவு எனக்கு இன்றும் வியப்பு. கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடி. அதற்குள் விடை வராவிட்டால் கேள்வியை மாற்றிக் கேட்பார், வேறொருவரை எழுப்புவார், அல்லது தாமே சொல்லிவிடுவார். அதை மூன்று விநாடி ஆக்கினால் போதும், பிள்ளைகளின் விடை பல மடங்கு நீள்கிறது, ‘ஒருவேளை இப்படி இருக்கலாமோ’ என்ற ஊகம் கூடுகிறது, பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள், பிள்ளைகளே கேட்கும் கேள்விகள் பெருகுகின்றன. விடை வந்த பிறகு காக்கும் மூன்று விநாடிக்கும் இதே பலன். அவர் கண்ட இன்னொன்று மனதை உறுத்துவது. கெட்டிக்காரர்கள் என்று ஆசிரியர் நினைக்கும் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு விநாடி கிடைக்கிறது. மக்கு என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விநாடி கூட இல்லை. யாருக்கு அதிக நேரம் தேவையோ அவர்களுக்குக் குறைவாகக் கொடுக்கிறோம். எந்த ஆசிரியரும் வேண்டுமென்று இதைச் செய்வதில்லை. அதனாலேயே இதைச் சொல்லிக் காட்ட வேண்டியிருக்கிறது.

கூலிம் வட்டாரத்தில் இந்த மூன்று விநாடிக்குக் கூடுதல் கனம் உண்டென்று எனக்குத் தோன்றியது. தோட்டத்தில் விடியுமுன்னே மணியடித்ததும் பிரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். தோட்டக் குமாஸ்தாவான கிராணி பெயர் படிப்பார், ஆள் இருப்பதைச் சொல்ல வேண்டும். அங்கே தொழிலாளியிடம் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் கணக்குக் கேள்விகள். எத்தனை மரம் வெட்டினாய், எவ்வளவு பால் வந்தது, நேற்று ஏன் வரவில்லை. பால்மரத்தை விடிகாலையில் ஏன் வெட்டவேண்டும் என்பது ஒவ்வொரு வெட்டாளுக்கும் தெரிந்திருந்தது. குளிர்ந்த நேரத்தில் பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். அந்த அறிவை அவர்களிடம் கேட்டு வாங்கிய பள்ளிக்கூடம் ஒன்று இருந்ததா? தோட்டப் பள்ளிகள் நெடுங்காலம் ஓராசிரியர் பள்ளிகள். சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். பிரட்டுக்களத்தின் கேள்வி முறை அப்படியே வகுப்புக்குள் வந்ததில் வியப்பில்லை.

அந்த மக்கள் கேள்வி கேட்கத் தெரியாதவர்கள் அல்லர். 1947இல் இதே கெடா மாநிலத்தில் பீடோங் ஹார்வர்டு தோட்டத்திலும் சுற்று வட்டாரத்திலும் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, தோட்டத்துக்குள் கள்ளுக்கடை எதற்கு என்று கேட்டது. துப்பாக்கியும் சிறையும் அதற்குப் பதிலாக வந்தன. பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ நாவலில் ஒரு சிறுவன் தமிழ்ப் பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான். அந்த நாவலைப் படித்தவர்களுக்கு, வீட்டு உலகமும் பள்ளி உலகமும் ஒன்றையொன்று தொடாமல் விலகிப் போவதன் வலி தெரியும். வீட்டில் இருக்கும் அறிவுக்கு வகுப்பறையில் இடமில்லை என்று ஒரு குழந்தை முடிவு செய்துவிட்டால், பிறகு எத்தனை நல்ல கேள்வி கேட்டாலும் அது பாடநூலைப் பார்த்துத்தான் பதில் தேடும்.

மாலையில் ஊருக்குள் ஒரு சாப்பாட்டுக்கடையில் நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். தே தாரிக்கும் ரொட்டி சானாயும் வந்தன. பேச்சு தேர்வின் பக்கம் போனது. 1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு ஆறாம் ஆண்டின் முடிவில் பிள்ளைகளின் தலையெழுத்தையே எழுதிக்கொண்டிருந்தது. பன்னாட்டு மதிப்பீடுகளில் மலேசிய மாணவர்கள் பின்தங்கியதைப் பார்த்த அரசாங்கம், 2013இல் தொடங்கிய கல்விப் பெருந்திட்டத்தில் உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளை வலியுறுத்தியது. 2016க்குள் யூ.பி.எஸ்.ஆர். வினாக்களில் குறைந்தது 40 விழுக்காடு அந்த வகையாக இருக்க வேண்டும் என்றது. அந்தத் திட்ட ஆவணமே ஒரு வேதனையான செய்தியையும் சொல்கிறது: 2011இல் 41 பள்ளிகளில் 125 பாடங்களை உட்கார்ந்து பார்த்த ஆய்வாளர்கள், அவற்றில் பாதி திருப்தியாக இல்லை என்று கண்டார்கள்.

“என்ன நடந்துச்சு தெரியுமா சார்?” என்றார் வயதில் மூத்த ஒருவர். “உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கும் பயிற்சிப் புத்தகம் வந்துருச்சு. பின்னாடி மாதிரி விடை. பிள்ளைங்க அதை மனப்பாடம் பண்ணாங்க.” விடை முன்கூட்டியே முடிவாகிவிட்டால், ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வியும் அறிவினாவாகவே ஆகிவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் கேட்டதில்லை. இன்னொருவர் அதற்கு முந்தைய காலத்தை நினைத்தார். 2003இலிருந்து சில ஆண்டுகள் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் நடந்தன. “நான் கேக்குறதே அவனுக்குப் புரியல. ‘யெஸ் டீச்சர்’ மட்டும்தான் வரும்.” 2021இல் யூ.பி.எஸ்.ஆர். கைவிடப்பட்டு, வகுப்புசார் மதிப்பீடு வந்திருக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஆண்பூ டப்பாவுக்குள் இருந்தபடியே வகுப்புக்குள் வர முடிந்தது என்றார் என்னை அழைத்த ஆசிரிய நண்பர். பெற்றோருக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. ‘பிள்ளை எத்தனை ஏ?’ என்று கேட்டுப் பழகியவர்களிடம் ‘நன்றாகக் கேள்வி கேட்கிறான்’ என்று எப்படிச் சொல்வது என்று அவர்கள் கவலைப்பட்டார்கள்.

மூத்தவர் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பாடவேளை முப்பது நிமிடம். கால் மணி நேரம் பேச்சிலேயே போனால் பாடத்திட்டம் என்னாவது? எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறும் பிள்ளைக்கு விவாதம் எதற்கு? இந்தக் கேள்விகளில் நியாயம் இருக்கிறது. இவற்றுக்குப் பதில் தேடாமல் கலந்துரையாடலைப் புகழ்ந்து பேசுகிற பயிற்சிப் பட்டறைகள் ஆசிரியர்களைச் சோர்வடையத்தான் செய்கின்றன.

என் நண்பரின் பதில் அனுபவத்திலிருந்து வந்தது. எல்லாப் பாடவேளையும் அவர் இப்படி நடத்துவதில்லை. வாரத்துக்கு ஒரு கேள்வி. அதைத் தேர்ந்தெடுக்க சனிக்கிழமை மாலை உட்கார்ந்து யோசிப்பார். பிள்ளையின் வீட்டில் எதற்கு விடையின் ஒரு நுனியாவது கிடக்குமோ, அந்தக் கேள்வியைத்தான் எடுப்பார். வகுப்பில் முதலில் கேள்வியைச் சொல்வார், பெயரைச் சொல்வதானால் அதற்குப் பிறகுதான். பெயரை முதலில் கூப்பிட்டுவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்றார். படிக்கத் தடுமாறும் பிள்ளையை முதலில் பக்கத்துப் பிள்ளையோடு பேசவிடுவார். இருவரும் பேசி முடித்த பிறகு அந்தப் பிள்ளையைச் சொல்லச் சொல்வார். “எழுத வராதவனுக்குப் பேச வரும் சார். அவன்தான் ஆண்பூவை ஒடிச்சுக்கிட்டு வந்தவன்.”

நன்னூலில் இதற்கும் இடமிருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் அது கால்பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால்பங்கு. மற்றவர்க்கு எடுத்துச் சொல்லும்போதே மீதிப் பாதி நிரம்பும் என்பது பவணந்தியின் கணக்கு. நம் பள்ளிகள் முதல் கால்பங்கோடு நின்றுவிடுகின்றன.

இந்த ஊரில் பெரியவர்களுக்குக் கலந்து பேசும் பழக்கம் இருப்பதையும் குறிப்பிட வேண்டும். சுவாமி பிரம்மானந்த சரஸ்வதியின் ஆசிரமமும் இங்கே இயங்கிய நவீன இலக்கியக் களமும் தமிழ் வாசகர்கள் பலர் அறிந்தவை. ஜெயமோகன் வந்து நாள்கணக்கில் இலக்கிய முகாம் நடத்திய ஊர் இது. ‘பேய்ச்சி’ எழுதிய ம. நவீன் பக்கத்து லூனாஸில் பிறந்தவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஒரு சிறுகதையை நடுவில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பேசி, முடிவு எதுவும் எட்டாமலே நிறைவோடு எழுந்து போகும் அனுபவம் ஆசிரியருக்கு இருக்க வேண்டும். தான் ஒருபோதும் கலந்துகொள்ளாத உரையாடலைத் தன் வகுப்பில் யாராலும் நடத்த முடியாது.

ஒரு கவலை எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. ஆறாம் ஆண்டு முடிந்ததும் இந்தப் பிள்ளைகள் மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். மொழியில் பின்தங்கியவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் வாய் ஓயாமல் பேசியவன் அங்கே முதல் ஆறு மாதம் கையே தூக்குவதில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்காக என் நண்பர் வியாழக்கிழமைகளில் ஒரு வேலை வைத்திருக்கிறார். அந்த வாரம் பலகையில் எழுதிய கேள்விகளைப் பிள்ளைகள் மலாயில் கேட்டுப் பார்க்க வேண்டும். விடை சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் போதும். எலி புழுவைத் தின்னுமா என்பதை அந்த வகுப்பு மூன்று விதமான மலாயில் கேட்டதை நானே கேட்டேன். தமிழில் கேட்ட அதே துடுக்கு அதிலும் இருந்தது.

பவுடர் அடித்த பாட்டியை வகுப்புக்கு அழைத்திருந்தார்கள். அதற்காகவே என் பயணத்தை நீட்டித்துக்கொண்டேன். பாட்டி வெள்ளைச் சேலையில், காலை ஒன்பது மணிக்கெல்லாம் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். தான் படித்தது மூன்றாம் வகுப்போடு சரி என்று இரண்டு தடவை சொன்னார். ஆசிரியை அவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் கேள்விகளை எழுதி வைத்திருந்தார்கள். பவுடர் மூக்கில் ஏறுமா? உயரமான மரத்துக்கு எப்படி அடிப்பீர்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு சம்பளம்? பாம்பைப் பார்த்திருக்கிறீர்களா? ஆண்பூ எது பெண்பூ எது என்று உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கடைசிக் கேள்விக்குப் பாட்டி நெடுநேரம் பதில் சொன்னார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாசனையை வைத்தே தெரியும் என்றார். பெண்பூ விரியும்போதும் அதே சோம்பு வாசம் வரும், ஆனால் லேசாக, கொஞ்ச நேரம்தான். அந்த நேரம் தப்பினால் காய் பிடிக்காது. பெண்பூவும் ஆண்பூவின் மணத்தைக் காட்டித்தான் வண்டை வரவழைக்கிறது என்பதைப் பூச்சியியல் நூல்களில் நான் படித்திருக்கிறேன். பாட்டிக்கு அது மூக்கால் தெரிந்திருந்தது.

அப்போது, முதல் நாள் தேன் குடிக்கிறது என்று சொன்ன பையன், தாளில் எழுதி வைக்காத ஒன்றைக் கேட்டான்.

“வண்டு வந்ததும் உங்களுக்கு வேலை போயிருச்சா பாட்டி?”

“போகலய்யா. மருந்தடிக்கப் போட்டுட்டாங்க. புல்லுக்கு. முதுகுல தோம்பை மாட்டிக்கிட்டு.” இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டினார். “நகமெல்லாம் போச்சு. மூக்குல ரத்தம் வரும்.”

செம்பனைத் தோட்டத்துப் பெண்களுக்குக் களைக்கொல்லிகள் செய்த கேட்டைப் பெண்கள் உரிமை அமைப்பான தெனாகனித்தா 2002இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அவற்றில் முக்கியமான பாராகுவாட்டை மலேசியா ஒருமுறை தடைசெய்து, 2006இல் தளர்த்தி, 2020இலிருந்து முழுவதுமாக நிறுத்தியது. பாட்டிக்கு அந்த மருந்தின் பெயர் தெரியவில்லை. டின்னின் நிறம் தெரிந்திருந்தது.

ஆசிரியை எழுந்து பலகைப் பக்கம் போனார். அவர் பேனாவைத் திறப்பதற்குள் மூன்று கைகள் உயர்ந்துவிட்டன. முதல் கை பேத்தியுடையது. “அது விஷம்னு அடிக்கச் சொன்னவங்களுக்குத் தெரியுமா டீச்சர்?”

“தெரியலம்மா. எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று கேட்டுவிட்டு, அவர் ஜன்னல் பக்கம் நகர்ந்தார். வகுப்பு பேசத் தொடங்கியது.